மரபணு மாற்றிய பாக்டீரியாவால் புற்றுநோய் குணமாகுமா? சித்திக்காகக் கேட்கிறேன்

கரூர்க்காரன்:

எங்கள் சித்திக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ நான்கு சுற்று ஆகிவிட்டது. போன வாரம் சித்தி மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டான். அமெரிக்காவில் பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி எலிக்கு ஊசி போட்டார்களாம், கட்டி கரைந்துவிட்டதாம். அன்றிலிருந்து சித்தி, "இந்தக் கீமோவை விட்டுவிட்டு அதைப் போட்டுக்கொள்ளலாமாடா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் பி.காம் படித்தவன், கிருமி என்றால் நோய் தருவது என்று மட்டும்தான் தெரியும், அது எப்படி நோயைத் தீர்க்கும்? நிஜம் என்றால் நம் பக்கம் எங்கே கிடைக்கும்?

பெட்ரித்தட்டு:

வீடியோ பொய்யில்லை தம்பி, ஆனால் அதில் முக்கியமான சொல் "எலி". நான் நுண்ணுயிரியல் லேபில் எட்டு வருடம் இருந்தவள், எலியில் கரையாத கட்டியே கிடையாது என்று எங்களுக்குள் ஒரு கிண்டல் உண்டு.

விஷயம் என்னவென்றால், கட்டி கண்டபடி வளரும், ரத்தக் குழாய் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, அதனால் அதன் நடுப்பகுதியில் ஆக்ஸிஜனும் குறைவு, நோய் எதிர்ப்பு செல்களின் காவலும் குறைவு. கீமோ மருந்து ரத்தத்தில்தானே போகவேண்டும், அங்கே சரியாக எட்டாது. ஆனால் ஆக்ஸிஜன் இல்லாமலும் வாழத் தெரிந்த சில பாக்டீரியாவுக்கு அந்த இடம் மாமியார் வீட்டு விருந்து. செத்த செல்களைத் தின்றுகொண்டு அங்கேயே பெருகும். அப்படியானால் மருந்தை அதன் கையிலேயே கொடுத்து அனுப்பினால் என்ன என்பதுதான் யோசனை.

நீங்கள் பார்த்தது அநேகமாக கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டால் டானினோ குழு செய்வதாக இருக்கும். 2019-ல் வெளியான அவர்கள் வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், கூட்டம் சேரச் சேர அதன் அளவு ஏறும், ஓர் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் வெடித்துச் சாகும், உள்ளே செய்து வைத்திருந்த மருந்து கட்டிக்குள் கொட்டும். தப்பித்த நாலைந்து மறுபடி பெருகும், மறுபடி வெடிக்கும். அந்த மருந்து என்ன செய்யும் என்றால், புற்றுநோய் செல் நோய் எதிர்ப்பு செல்களிடம் "என்னைத் தின்னாதே" என்று காட்டும் அடையாளத்தை மூடிவிடும். ஊசி போடாத கட்டியின் வளர்ச்சிகூட எலியில் குறைந்தது. ஆனால் இன்றைக்குச் சித்திக்குப் போட இதில் எதுவும் எங்கும் விற்பனையில் இல்லை.

சாம்பல்நிறத்தாடி:

அக்கா அழகாகச் சொல்லிவிட்டார், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவின் கதையைக் கேளுங்கள். இரண்டு மரபணுவை வெட்டி, காய்ச்சல் கிளப்பும் வீரியத்தைக் குறைத்து ஒன்றைச் செய்தார்கள். எலியில் பிரமாதம், கல்லீரலில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு கட்டியில் சேர்ந்தது. அப்புறம் மனிதர்களுக்குக் கொடுத்தார்கள், 2002-ல் முடிவு வந்தது. 25 பேர், பெரும்பாலும் தோல் புற்றுநோய் பரவியவர்கள். கட்டிக்குள் பாக்டீரியா குடியேறியது மூன்றே பேருக்கு. கட்டி சுருங்கியது ஒருவருக்கும் இல்லை. ரத்தத்தில் விட்ட பாக்டீரியாவை உடம்பு சீக்கிரமே துடைத்துவிட்டது. வீரியத்தை அப்படியே விட்டால் நோயாளிக்கு ஆபத்து, பிடுங்கினால் கட்டி வரைக்கும் போய்ச் சேராது. இந்த இடத்தில்தான் இருபது வருடத்துக்கும் மேலாக மல்லுக்கட்டு.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. கருப்பைவாய்ப் புற்றுநோய் திரும்பி வந்த நூற்றுச்சொச்சம் பெண்களுக்கு மரபணு மாற்றிய லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவைக் கொடுத்து இந்தியாவில் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது, ஆனால் அடுத்து வந்த பெரிய சோதனையை அந்த மருந்தைச் செய்த நிறுவனமே பாதியில் மூடிவிட்டது. வாட்ஸ்அப் வீடியோவில் இதையெல்லாம் போடமாட்டார்கள்.

மூன்றாம்மாடி:

பாக்டீரியா வைத்தியமே கிடையாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய், கொடுத்தது பிசிஜி. ஆமாம், குழந்தைக்குக் கையில் போட்டுத் தழும்பு விழுமே, அதே கிருமி. வாரம் ஒரு தடவை, ஆறு வாரம். குழாய் வழியாகப் பைக்குள் விட்டு, இரண்டு மணி நேரம் சிறுநீர் போகாமல் அடக்கிக்கொண்டு படுக்கவேண்டும். அப்பா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு புரண்டு புரண்டு படுப்பார். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தடவை டாய்லெட் போனதும் பிளீச்சிங் ஊற்றிவைத்துப் பிறகு கழுவவேண்டும், உயிருள்ள கிருமி ஆயிற்றே. ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். நடுவில் மருந்து ஸ்டாக் இல்லை என்று எங்களை அலையவிட்டார்கள், அது தனிக் கதை. இப்போது மூன்று வருடமாகச் சோதனையில் ஒன்றும் இல்லை.

ஆனால் இதில் யாரும் மரபணுவை வெட்டவில்லை. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரில் ஊறிய உருளைக்கிழங்குத் துண்டில் 13 வருடம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கினார்கள். சிறுநீர்ப்பைக்கு இது வேலை செய்கிறது என்று கனடாவில் மொரால்ஸ் என்பவர் 1976-ல் எழுதினார், அதுவும் ஒன்பது நோயாளிகளை வைத்து. பெருங்குடலுக்கு இது கிடையாது.

கரூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று, சித்தி மகன் ஆன்லைனில் "நல்ல பாக்டீரியா" கேப்ஸ்யூல் ஆர்டர் பண்ணிவிட்டான். அந்த வீடியோவில் வந்ததும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான், கடையில் விற்கிற வகைதான் என்கிறான்.

பெட்ரித்தட்டு:

அவன் பாதி சரி, அதுதான் ஆபத்து. டானினோ குழு பின்னால் செய்த சில வேலைகளில் எடுத்துக்கொண்டது நிசில் 1917 என்ற ஈ.கோலை வகை, முதல் உலகப் போரில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றுக்கடுப்பு வந்தபோது தனக்கு வராத ஒரு சிப்பாயிடமிருந்து எடுத்தது, ஜெர்மனியில் மாத்திரையாகவே விற்கிறார்கள். ஆனால் வெடிக்கிற ஏற்பாடும் மருந்தும் லேபில் சேர்த்தவை, மாத்திரையில் இருக்காது. அதைவிட, கீமோவில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும்போது நல்ல பாக்டீரியாகூட ரத்தத்தில் புகுந்து தொல்லை தரலாம். டாக்டரைக் கேட்காமல் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். வாய்ப்புண்ணையும் அப்போதே சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு.

கரூர்க்காரன்:

பார்சல் நாளைக்கு வருகிறது, திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். சித்தியிடம் எலி விஷயத்தைச் சொன்னேன். "அடுத்த ஜென்மத்தில் எலியாகப் பிறக்கிறேன்டா" என்றார். ஐந்தாவது சுற்று வியாழக்கிழமை, நான்தான் கூடப் போகிறேன்.