புதுப்பிப்பு: கூட்டமில்லாத கடற்கரையில் இறங்கிக் குளிக்கலாமா?

கூட்டமில்லாத கடற்கரையைக் கண்டுபிடிக்க, முந்தைய பதிவில், பெயர்பெற்ற கடற்கரை நகரத்தின் இரு பக்கமும் சாட்டிலைட் மேப்பை நகர்த்தி, மெயின் ரோட்டிலிருந்து கடலுக்குப் பிரியும் மண்பாதைகளைத் தேடச் சொல்லியிருந்தேன். அங்கே குளிக்கலாமா என்று பலர் கேட்டதால் இது.

முதலில் மேட்டில் நின்று பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். நுரைத்து உடையும் அலைகளுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல், கருத்துத் தெரியும். நுரையும் குப்பையும் அதன் வழியே கடலுக்குள் போகும். அதுதான் ரிப் கரண்ட், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். பார்க்க அமைதியாக இருப்பதாலேயே ஆட்கள் சரியாக அங்கே போய் இறங்குகிறார்கள். வேகம் நொடிக்கு 2 மீட்டரைக்கூட எட்டும். எதிர்த்து நீந்தினால் களைப்புதான் மிஞ்சும். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாக ஒதுங்கி, அலை உடையும் பக்கமாகத் திரும்புங்கள். முகத்துவாரமும் கல் தடுப்புச்சுவர் ஓரமும் வேண்டவே வேண்டாம்.

மணல் பருமனாக, கரை செங்குத்தாகச் சரிந்தால் இரண்டடியில் ஆழம் வந்துவிடும். குழந்தைகளை இறக்காதீர்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடல் ஏற்றம் (ஹை டைடு) அதிகம். பாறையடியில் உள்ள குறுகலான மணல்பரப்பு மூழ்கி, திரும்பும் வழியே அடைபடலாம். ஏற்ற நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.