டிஜே சாஃப்ட்வேர் ரெண்டு ட்ராக்குக்கு 8ஏ, 9ஏ-ன்னு காட்டுது, ஆனா மிக்ஸ்ல சேரல. கீ அனாலிசிஸை (ட்ராக் எந்த ஸ்கேல்ல இருக்குன்னு அது கண்டுபிடிக்கிறதை) எவ்வளவு நம்பலாம்?

லூப்மணி:
ரெக்கார்ட்பாக்ஸ் சாஃப்ட்வேர்ல மொத்த கலெக்‌ஷனையும் அனலைஸ் பண்ணியாச்சு. 8ஏ-க்கு அடுத்து 8ஏ, 8பி, 7ஏ, 9ஏ-ன்னு கேம்லாட் சக்கரப்படிதான் (ஒத்துப்போற கீகளைப் பக்கத்துல பக்கத்துல அடுக்கின வட்டம்; எண்ணோட ஏ வந்தா மைனர், பி வந்தா மேஜர்) ட்ராக் எடுக்கிறேன். பெரும்பாலும் சரியா இருக்கு. சில 8ஏ–9ஏ ஜோடி மட்டும் பேஸ் (அடியில ஓடுற கனமான ஒலி) உள்ள வந்ததும் அபசுரமா அடிக்குது. கீ பார்க்கிறதையே விட்டுடலாமா?

கிராஸ்ஃபேடர்:
விட வேண்டாம். முதல்ல ரெண்டு டெக்கிலும் (ட்ராக் ஓடுற பிளேயர்) மாஸ்டர் டெம்போ, அதாவது வேகம் மாறினாலும் சுருதி மாறாம வைக்கிற பட்டன், ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஆஃப்ல இருந்தா வேகத்தோட சுருதியும் ஏறும். கிட்டத்தட்ட 6% ஏத்தினா ஒரு செமிடோன் (கீபோர்டுல அடுத்த கட்டை வரை உள்ள இடைவெளி). 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 பீட்) ட்ராக்கை 127-க்கு ஏத்தினா ஏ மைனர் (8ஏ), பி ஃப்ளாட் மைனர் (3ஏ) ஆயிடும். லேபிள் 8ஏ, காதுல விழறது 3ஏ. 128-ஐ 125-க்கு இறக்கினா இன்னும் கொடுமை: சுமார் 41 சென்ட் (100 சென்ட் ஒரு செமிடோன்) இறங்கி எந்தக் கீயிலும் உட்காராம நடுவுல தொங்கும்.

ஆன்ல வெச்சாலும் வேகத்தை ரொம்ப மாத்தினா கிக் மழுங்கும், குரல் நடுங்கும். ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

மந்தரஸ்தாயி:
லேபிளே தப்பா இருக்கவும் வாய்ப்பிருக்கு. எந்தச் சுரம் எவ்வளவு பலமா ஒலிக்குதுன்னு கணக்கெடுத்துத்தான் சாஃப்ட்வேர் கீயை ஊகிக்குது. 8ஏ-வை 8பி-ன்னு சொன்னா பெரிய சேதமில்ல. ரெண்டுக்கும் அதே ஏழு சுரம். வில்லங்கம், சாவை விட்டுட்டு பஞ்சமத்தைப் பிடிக்கும்போதுதான். அப்போ லேபிள் சக்கரத்துல ஒரு படி தள்ளிப் போகும். அதை நம்பி நீங்க இன்னொரு படி நகர்ந்தா உண்மையான இடைவெளி ரெண்டு.

சரிபார்க்க: பிரேக்டவுன்ல (டிரம் அடங்குற பகுதி) 8 பார், அதாவது 32 பீட், லூப் போடுங்க. பேஸ் எந்தச் சுரத்துல வந்து ஓயுதோ அதைக் கீபோர்டுல கண்டுபிடிங்க. அதுதான் சா. அங்கிருந்து 3 செமிடோன் மேல உள்ள சுரம் ஒட்டினா மைனர், 4-ல ஒட்டினா மேஜர். சந்தேகமான ட்ராக்குக்கு மட்டும் பண்ணி, டேகைக் கையால மாத்திடுங்க. (டிராக்டர்ங்கிற டிஜே சாஃப்ட்வேர்ல இதே 8ஏ, 1எம்-ன்னு வரும், குழம்பிடாதீங்க.)

ஹைஹேட்:
கீ சரியா இருந்தாலும் ரெண்டு பேஸ்லைன் ஒண்ணா ஓடினா முட்டத்தான் செய்யும். ஏ மைனர்ல (8ஏ) எஃப், இ மைனர்ல (9ஏ) எஃப் ஷார்ப். இந்த ரெண்டும் ஒரே நேரத்துல விழுந்தா தெரிஞ்சுடும். உள்ள வர்ற ட்ராக்கோட லோ ஈக்யூவை (பேஸைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்) கீழ வெச்சு, 32 பீட் முடிஞ்சு அடுத்த ஒண்ணுல பேஸை மாத்துங்க. வெறும் டிரம் இன்ட்ரோவுக்குக் கீயே தேவையில்ல. டிரம் மட்டும் இருக்கிற டூலுக்கும் (மிக்ஸுக்குன்னே செஞ்ச ட்ராக்) சாஃப்ட்வேர் ஏதோ ஒரு எண் போடும், கண்டுக்காதீங்க.

லூப்மணி:
டெக் 2-ல மாஸ்டர் டெம்போ ஆஃப்! ஆன் பண்ணதும் ரெண்டு ஜோடி சரியாச்சு. ஒண்ணு மட்டும் இன்னும் முட்டுது. லேபிள் 9ஏ, ஆனா பேஸ் பி-யில போய் நிக்குது, டி ஒட்டுது.

மந்தரஸ்தாயி:
அப்போ அது பி மைனர், 10ஏ. 8ஏ பக்கத்துல வெச்சா எஃப் மட்டுமில்ல, சி-யும் சி ஷார்ப்போட இடிக்கும். டேகை மாத்திட்டு, நடுவுல உண்மையான 9ஏ ஒண்ணைப் போட்டு அதுக்குப் போங்க.