மண் சாம்பிள்ல ரெண்டு சைஸ் பிளேக், அதுவும் கலங்கலா. ரெண்டு ஃபேஜா?

மைக்ரோமாணவி:
வணக்கம், ப்ராஜெக்ட்டுக்கு மண்ணுல இருந்து பாக்டீரியோஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்குற வைரஸ், சுருக்கமா ஃபேஜ்) எடுக்கிறோம், ஹோஸ்ட், அதாவது அது தாக்குற பாக்டீரியா, மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாடிஸ். மண்ணை பஃபர்ல கலக்கி 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிச்சு, என்ரிச் பண்ணி (ஹோஸ்ட்டோட வளர்த்து ஃபேஜைப் பெருக்கி) பிளேட் போட்டா பிளேக் (பாக்டீரியா செத்துப்போன வட்டம்) வருது, ஆனா பெருசும் சிறுசுமா வருது, பெருசோட நடுவுல பால் தெளிச்ச மாதிரி கலங்கல் வேற. ரெண்டு ஃபேஜ் கலந்திருக்கா? இப்படியே டிஎன்ஏ எடுக்கலாமான்னு டீம்ல ஒரே சண்டை.

லேப்வாசி:
டிஎன்ஏ பக்கம் இப்போ போகாதீங்க. தனியா நிக்கிற பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு, பிப்பெட் டிப்பால தொட்டு தனித்தனி பஃபர்ல விட்டு, பத்து பத்து மடங்கா டைல்யூட் பண்ணி திரும்ப பிளேட் போடுங்க. சிறுசுல இருந்து சிறுசு மட்டும், பெருசுல இருந்து பெருசு மட்டும்னு பிரிஞ்சா ரெண்டும் வேற வேறன்னு வெச்சுக்கலாம். எதை எடுத்தாலும் ஒவ்வொரு ரவுண்டுலயும் ரெண்டு சைஸும் வந்துட்டே இருந்தா அனேகமா ஒரே ஃபேஜ்தான், ஏன்னா லான் (பிளேட் முழுக்க படர்ற பாக்டீரியா) முழுசா வளர்ந்துட்டா பிளேக் பெருசாகிறது நின்னுடும், லேட்டா ஆரம்பிச்சது குட்டியாவே தங்கிடும். நெருக்கமா விழுந்த பிளேட்டை வெச்சு சைஸ் பேசவே பேசாதீங்க.

அகார்தட்டு:
லேப்வாசி சொன்னதேதான். கூட ஒண்ணு, ஹோஸ்ட் கல்ச்சர்ல ட்வீன் 80 (சோப்பு மாதிரி ஒரு பொருள்) போடுறீங்களா? கட்டி கட்டாம இருக்க போடுறதுதான், ஆனா ஃபேஜ் செல்லுல ஒட்டுறதை அது கெடுக்கும், இன்ஃபெக்‌ஷனுக்கு எடுக்கிற கல்ச்சர்ல அது வேணாம். டாப் அகார்ல (பாக்டீரியாவையும் ஃபேஜையும் கலந்து பிளேட் மேல ஊத்துற ஜெல்) கால்சியம் குளோரைடு 1 மில்லிமோலார் இருக்கட்டும்.

மைக்ரோமாணவி:
ட்வீன் போட்டுட்டுதான் இருக்கோம், மாத்தி பாக்குறேன். கலங்கல்னா டெம்பரேட் ஃபேஜ், ட்ரீட்மென்ட்டுக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நுண்ணுயிர்ப்பித்து:
டெம்பரேட்டா இருக்கத்தான் வாய்ப்பு. டெம்பரேட் ஃபேஜ் சில செல்லை கொல்லாம உள்ளயே குடியிருக்கும், அந்த செல்லை அதே ஃபேஜ் திரும்ப ஒண்ணும் பண்ணாது, அதுங்க வளர்றதுதான் அந்தக் கலங்கல். அப்படியே குடுக்க மாட்டாங்க, சரி, ஆனா ஆகவே ஆகாதுன்னு இல்ல. 2019ல நேச்சர் மெடிசின்ல வந்த கேஸ்ல சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலைக் கெடுக்கிற பரம்பரை நோய்) இருந்த 15 வயசு பொண்ணுக்கு, ஆன்டிபயாடிக் குடுத்தும் அடங்காத மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் தொற்றுக்கு, மூணு ஃபேஜ் கலந்து குடுத்தாங்க. அதுல 'மடி' (Muddy)ங்கிற ஃபேஜ் மட்டும்தான் பிறவியிலேயே லைட்டிக், அதாவது செல்லை உடைச்சு கொல்ற வகை (அழுகின கத்தரிக்காயில கிடைச்சது!). பிபிஎஸ், ஸோயிஜே ரெண்டும் டெம்பரேட், ரெப்ரஸர் ஜீனை (செல்லைக் கொல்லாம குடியிருக்க வைக்கிறது) நீக்கி லைட்டிக்கா மாத்தினாங்க. உங்களோடது சீக்வென்ஸ் ஆகி வந்ததும் முதல்ல இன்டக்ரேஸ் (ஃபேஜ் டிஎன்ஏவை பாக்டீரியா டிஎன்ஏல சேர்க்கிற ஜீன்), ரெப்ரஸர் ரெண்டையும் தேடுங்க.