அம்மாவுக்கு முட்டி வலி, லண்டன்லேருந்து போய்ட்டு வர்ற மாதிரி லேசான கடலோர நடை எது?

ஹாரோ_மதுரை:

வணக்கம் மக்களே. ஊர்லேருந்து அம்மா அப்பா வந்திருக்காங்க, ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இருப்பாங்க. டவர் பிரிட்ஜ், மெழுகு பொம்மை, கோயில் எல்லாம் காட்டியாச்சு, இப்ப அப்பா யூடியூப்ல வெள்ளை வெளேர்னு கடலோரமா நிக்கிற அந்தப் பாறைங்களப் பாத்துட்டு "இது எங்கடா இருக்கு, கூட்டிட்டுப் போ"ன்னு ஒரே பிடியா இருக்கார். எனக்கும் ஆசைதான். பிரச்சனை என்னன்னா அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வலி, சமதரைல நிதானமா ஒரு மணி நேரம் நடப்பாங்க, ஏத்தம்கூட நின்னு நின்னு ஏறிடுவாங்க, இறக்கம்தான் ஆகாது. கூட நம்ம வாண்டு வேற பக்கில (குழந்தைத் தள்ளுவண்டி). கார் இல்ல, ட்ரெயின் பஸ்தான், ரொம்ப தேவைன்னா ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம்.

நெட்ல தேடுனா "ஈஸி வாக்"னு தலைப்பு போட்டுட்டு உள்ள போனா 13 மைல்ங்கிறான். யாருக்கு ஈஸின்னு தெரியல. சசெக்ஸ்ல இருக்கற செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைங்களா, இல்ல டோர்செட் பக்கமா? டாய்லெட் இருக்கணும், டீ கிடைச்சா புண்ணியம்.

சசெக்ஸ்_சுப்பு:

செவன் சிஸ்டர்ஸ் போங்க, ஆனா செவன் சிஸ்டர்ஸ் மேல நடக்காதீங்க. சொல்றேன் இருங்க.

அந்த 13 மைல்ங்கிறது சீஃபோர்டுலேருந்து ஈஸ்ட்போர்ன் வரைக்கும் முழுசா. வீடியோல ட்ரோன் மேலேருந்து எடுக்கறதால புல்லு விரிச்ச மாதிரி சமமா தெரியும், நடந்து பாத்தாதான் தெரியும், ஏறு இறங்கு ஏறு இறங்குன்னு ஏழு மேடு. ஒவ்வொரு மேட்டுக்கும் நடுவுல இருக்கறது ஒரு காலத்துல தண்ணி ஓடுன பள்ளத்தாக்கு. பனிக்காலத்துல தரை உறைஞ்சு கெடந்தப்ப தண்ணி உள்ள இறங்க முடியாம மேலயே ஓடி அறுத்திருக்கு, இப்ப சாக் பாறை (மெத்துனு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை) தண்ணிய உறிஞ்சிடறதால காஞ்சு போச்சு, கடல் அந்த மொத்த மேடு பள்ளத்தையும் குறுக்க வெட்டிடுச்சு, அதான் அந்த அலை அலையான விளிம்பு. பாக்க அழகு, முட்டிக்கு எமன். அதனால கடலோர நடைல மைல் கணக்கப் பாக்காதீங்க, எத்தன பள்ளம் இறங்கி ஏறணும்னு பாருங்க, மேப்ல காண்டூர் கோடு (உயரத்தக் காட்டற கோடு) நெருக்கமா இருந்தா அந்த ரூட்ட விட்ருங்க.

அம்மாவுக்கு செவன் சிஸ்டர்ஸ் பக்கத்துல எக்ஸீட்ங்கிற இடம் சரியா வரும். விக்டோரியாலேருந்து ட்ரெயின், லூயிஸ்ல மாறி சீஃபோர்டு, சுமாரா ஒன்றரை மணி நேரம். ஸ்டேஷன் பக்கத்துலயே 12ம் நம்பர் பஸ், பிரைட்டன் ஈஸ்ட்போர்ன் ஓடறது, செவன் சிஸ்டர்ஸ் கன்ட்ரி பார்க் ஸ்டாப்ல இறங்குங்க. அங்கேருந்து கக்மியர் ஆத்தோட கிழக்குக் கரைல கடல் வரைக்கும் கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், சமதரை, பெரும்பாலும் கெட்டியான பாதை, பக்கி தாராளமா உருளும். கடைசில பீச்சுல மட்டும் கூழாங்கல்லு. ஆறு அங்க பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், ரெண்டு பக்கமும் டவுன்ஸ் குன்று, ஆடு மேஞ்சிட்டிருக்கும், கொக்கு நிக்கும். கடைசில பீச்சுல நின்னு இடது பக்கம் திரும்பினா ஹேவன் ப்ரோ, அதான் ஏழு பேர்ல மூத்த அக்கா, 77 மீட்டர், அப்படியே மேல நிக்கும். டாய்லெட், டீ எல்லாம் பஸ் ஸ்டாப் பக்கத்துலதான், பீச்சுல ஒண்ணும் கிடையாது, முடிச்சிட்டுக் கிளம்புங்க.

பூல்_ஹார்பர்:

எல்லாரும் எடுத்தவுடனே செவன் சிஸ்டர்ஸ்தான் சொல்வீங்க 😄 டோர்செட்டையும் சொல்லணும்ல.

மொதல்ல ஒண்ணு, டர்டில் டோர் போகணும்னு அப்பா கேட்டா பேச்ச மாத்துங்க. போட்டோல வர்ற அந்த ஆர்ச்தான், நல்ல இடம்தான், ஆனா கார் பார்க்லேருந்தே சரளைக்கல்லு சறுக்கல், அதுக்கப்புறம் பீச்சுக்குப் படிக்கட்டு. லல்வர்த் கோவ்லேருந்து ஒரு மைல்தானேன்னு சொல்வாங்க, அந்த ஒரு மைல் மொத்தமும் ஒரு குன்ன ஏறி இறங்கறது, ஆகஸ்ட்ல தேர்க்கூட்டம் வேற. லல்வர்த் கோவ மட்டும் பாக்கலாம், ஊருக்குள்ளேருந்து ரோடு நேரா தண்ணி வரைக்கும் போகுது. குதிரை லாட வடிவத்துல குட்டி வளைகுடா, வாய் மட்டும் கெட்டியான சுண்ணாம்புக்கல்லு, அத உடைச்சு உள்ள வந்த கடல் பின்னாடி இருந்த மெத்து மண்ண அப்படியே குடைஞ்சிருக்கு. பக்கத்துல ஸ்டேர் ஹோல்னு இன்னொண்ணு, அதே வேலை இப்பதான் ஆரம்பிச்ச கட்டத்துல நிக்குது, கல்லு அடுக்கெல்லாம் கசக்கிப் போட்ட துணி மாதிரி மடிஞ்சு கெடக்கும். ஸ்கூல்ல ஜியாகிராபி எடுத்தவங்க அங்கேயே உக்காந்துடுவாங்க.

உங்க கேஸுக்கு நான் சொல்றது ஸ்டட்லாண்ட், ஓல்ட் ஹாரி ராக்ஸ். வாட்டர்லூலேருந்து போர்ன்மத் ரெண்டு மணி நேரம், அங்க 50ம் நம்பர் பஸ், சாண்ட்பேங்க்ஸ்ல பஸ்ஸோடயே சங்கிலி ஃபெரில ஏறி அக்கரை போகும், அதுக்கே வாண்டு குதிப்பான். ஸ்டட்லாண்ட் ஊர்லேருந்து முனை வரைக்கும் ஒரு மைல் சொச்சம், அகலமான பாதை, கிட்டத்தட்ட சமம், போன வழியே திரும்பி வாங்க. பேலர்ட் டவுன்ங்கிற குன்ன சுத்திட்டு வர்ற ரவுண்டுக்கு ஆசைப்படாதீங்க, அது ஏத்தம். முனைல கடலுக்குள்ள வெள்ளைத் தூணுங்க தனித்தனியா நிக்கும், கடைசில நிக்கறவர்தான் ஓல்ட் ஹாரி, அவர் சம்சாரம்னு ஒரு தூண் இருந்துச்சு, 1896ல விழுந்துருச்சு. வானம் தெளிவா இருந்தா எதிர்ல ஐல் ஆஃப் வைட்டோட நீடில்ஸ் தெரியும், ஒரு காலத்துல ரெண்டும் ஒரே சாக் மேடு. ஜுராசிக் கோஸ்ட்ங்கிற 95 மைல் கடலோரம், 2001ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தது, இங்கதான் முடியுது.

ஒரே விஷயம், முனைல வேலியே கிடையாது. வாண்ட பக்கிலேருந்து இறக்கி விடாதீங்க, அப்பா செல்ஃபி எடுக்கறேன்னு பின்னாடி நடந்தா கையப் புடிச்சிக்குங்க. சீரியஸா சொல்றேன்.

சசெக்ஸ்_சுப்பு:

நல்ல இடம்தான் மறுக்கல, ஆனா அந்தப் பஸ் ஆகஸ்ட் சனி ஞாயிறுல ஃபெரி க்யூல நின்னா நின்னதுதான், சின்னக் குழந்தையோட? வார நாள்னா ஓகே.

வேலி விஷயம் எங்க பக்கமும் அதேதான். சாக் வெளிப்பார்வைக்குப் பாறை, கைல எடுத்தா சாக்பீஸ். விளிம்புல நிக்கறவங்களுக்குத் தெரியாது, அடியில அலை அரிச்சு ஒண்ணுமில்லாம புல்லு மட்டும் நீட்டிட்டிருக்கும். பெல் டூட் லைட்ஹவுஸ் கேள்விப்பட்டிருப்பீங்க, கடல் கிட்ட வந்துருச்சுன்னு 1999ல மொத்தக் கட்டடத்தையும் ஜாக்கி வச்சுத் தூக்கி 17 மீட்டர் பின்னாடி நகத்தி வச்சாங்க. அதே மாதிரி கீழ பீச்சுலயும் பாறை அடிவாரத்துல உக்காந்து சாப்பிடாதீங்க, நிழலா இருக்கேன்னு நம்மாளுங்க அங்கதான் ஜமக்காளம் விரிக்கறாங்க. தள்ளி உக்காருங்க.

ஈஸ்ட்ஹாம்_யாழ்:

தம்பி, எல்லாரும் டோவரை மறந்திட்டினம். சென்ட் பாங்க்ரஸில இருந்து ஹைஸ்பீட் ரெயில், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல. டோவர் ப்ரயரியில இறங்கி டாக்சி பிடிச்சு மேல வைட் கிளிஃப்ஸ் சென்டருக்குப் போங்கோ, நடந்து போகலாம் எண்டு ஆரும் சொன்னா கேக்காதேங்கோ, துறைமுகத்தில இருந்து ஏற வேணும், அம்மாவுக்கு ஏலாது. சென்டரடியில நிண்டே கப்பல் வாறது போறது வடிவாத் தெரியும், என்ர அப்பா அதைப் பாத்துக்கொண்டே அரை நாள் இருப்பார். முகில் இல்லாத நாளெண்டா பிரான்ஸ் தெரியும், 33 கிலோமீட்டர்தானே.

சவுத் ஃபோர்லாண்ட் வெளிச்சவீடு 2 மைல். 1899ல பிரான்சில இருந்து மார்க்கோனியின்ர வயர்லெஸ்ஸில செய்தி வந்து சேர்ந்த இடம் அது, தேத்தண்ணிக் கடையும் இருக்கு. ஆனா இடையில பள்ளம் இருக்கு, சுப்பு சொன்ன கணக்குத்தான், அம்மாவைச் சென்டரடியில இருத்திப்போட்டு நீங்களும் அப்பாவும் போட்டு வாங்கோ.

இன்னுமொண்டு, அங்க நிக்கேக்க உங்கட போன் தானாப் பிரெஞ்சு நெட்வொர்க்கைப் பிடிச்சிடும், நேரமும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குக் காட்டும். ரோமிங்கை நிப்பாட்டிட்டுப் போங்கோ, இல்லாட்டி ரெயிலை விட்டிட்டம் எண்டு ஓடுவியள் 😂

ஹாரோ_மதுரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, யாழ் அண்ணா போன் மேட்டர் சூப்பர். அப்பாவக் கேட்டேன், கப்பல்லாம் தூத்துக்குடிலயே பாத்தாச்சு, வெள்ளைப் பாறைதான் வேணும்ங்கறார், அதனால எக்ஸீட்னு முடிவு. ஒரே டவுட், அந்தப் போட்டோல முன்னாடி ரெண்டு மூணு குட்டி வீடு, பின்னாடி ஏழு பாறையும் வரிசையா நிக்குமே, அது இந்தப் பீச்சுலேருந்து தெரியுமா?

சசெக்ஸ்_சுப்பு:

தெரியாது, அது ஆத்துக்கு அந்தப் பக்கம். கிழக்குக் கரைல நீங்க பாறைக்கு அடியிலேயே நிப்பீங்க, ஏழும் சேந்து தெரியாது. போட்டோ எடுத்த எடம் மேற்குல சீஃபோர்டு ஹெட் பக்கம், கோஸ்ட்கார்டு காட்டேஜ். பீச்சுல நிக்கறப்ப வீடு எதிர்லயே தெரியும், கல்லெறி தூரம்தான், ஆனா நடுவுல ஆறு கடல்ல சேருது, பாலம் கிடையாது. தண்ணி வத்துனா இறங்கித் தாண்டறவங்க இருக்காங்க, நீங்க வேண்டாம். எக்ஸீட் பாலம் வரைக்கும் திரும்பி வந்துதான் அந்தக் கரைக்குப் போகணும், அந்தக் கரைப் பாதை சேறு, பக்கி போகாது.

என்ன பண்ணலாம்னா, காலைல எக்ஸீட் முடிச்சிட்டு சீஃபோர்டு திரும்பி, அங்கேருந்து டாக்சில சவுத் ஹில் பார்ன் கார் பார்க் போய்டுங்க. கார் பார்க்லேருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே மேட்டுமேலேருந்து ஏழும் தெரியும். வீடு வரைக்கும் இறங்காதீங்க, அதான் அம்மாவுக்கு ஆகாத இறக்கம். சாயங்கால வெயில் மேற்குலேருந்து பாறை மேல நேரா விழும், போட்டோவுக்கு அதான் டைம். வர்றப்ப டாக்சி கிடைக்கலன்னா மாட்டிப்பீங்க, இறங்கறப்பவே திரும்பி வரச் சொல்லி நேரம் பேசிடுங்க.

பூல்_ஹார்பர்:

அம்மாவுக்கு ஷூ வாங்கிட்டீங்களா? செருப்பு வேண்டவே வேண்டாம். முந்தின நாள் மழைன்னா ட்ரிப்ப தள்ளிப் போடுங்க, ஈரமான சாக் பாதைல ஆள் வழுக்கி உக்காந்துருவாங்க. புடவைன்னா காத்துல ஒரு கை முந்தானைக்கே போய்டும், சுடிதார்னா நிம்மதி. தொப்பிக்குப் பதிலா ஸ்கார்ஃப் கட்டச் சொல்லுங்க. புளியோதரை எடுத்துட்டுப் போனா டப்பாவ மூடியே வைங்க, சீகல் கைலேருந்தே புடுங்கிட்டுப் போகும்.

ஹாரோ_மதுரை:

ஷூ இன்னிக்குப் போய் வாங்கறோம். புதன்கிழமை வெயில்ங்கறான், அன்னிக்கே போறோம். அண்ணன்மாருங்களுக்கு நன்றி, போட்டோ போடறேன்.