பழைய தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் படம் யாரிடமாவது இருக்கிறதா?

பினாங்கிலிருந்து வெளியூர் போய்விட்ட அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஷா ஆலமில் இருக்கும் எங்கள் அம்மாவுக்கு 75 வயது ஆகப்போகிறது. பழைய தைப்பூசப் படங்களை ஆல்பமாகப் போட்டுக் கொடுக்க ஆசை. வீட்டில் இருந்ததெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டது.

வேண்டியது 1980களின் படங்கள். வெஸ்டர்ன் ரோட்டில், அதாவது இப்போதைய ஜாலான் உத்தாமாவில், வரிசையாகப் போட்ட தண்ணீர்ப் பந்தல்கள். தென்னங்கீற்றுத் தோரணம், பெரிய அண்டாவில் மோர், ரோஸ் சிரப், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி. அம்மா வருடந்தோறும் மோர் ஊற்றிக் கொடுத்தது அங்கேதான்.

பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் செட்டியார் வெள்ளி ரதம், வழியில் சீனர்கள் குவித்து வைத்து உடைக்கும் தேங்காய், இவையும் இருந்தால் நல்லது. ஆனால் ரதத்தைவிட ஆட்கள் தெரியும் படம்தான் முக்கியம். எல்லாரும் ரதத்தையே எடுத்து வைத்திருக்கிறார்கள், என்ன செய்வது!

தண்ணீர்மலையில் 2012இல் திறந்த மலைக்கோயில், அதற்கு ஏறும் 513 படிகள், இந்தப் படங்களெல்லாம் எங்களிடமே நிறைய உண்டு.

ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, கைப்பேசியில் எடுத்து அனுப்பினால் போதும். எந்த வருடம், எந்த இடம் என்று தெரிந்தால் கூடவே எழுதுங்கள்.