‘நீதிமானாக்கப்படுதல்’ – பிள்ளைகளுக்குப் புரிகிற ஒரு சொல் வேண்டும், வியாழனுக்குள்

தாராவி டீச்சர், திங்கள் இரவு:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு பள்ளிக்கு ஒரு பாடத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஐந்து பாடம் முடிந்துவிட்டது, ஆறாவதன் தலைப்பில் நிற்கிறேன்: ‘நீதிமானாக்கப்படுதல்’. பாவியான ஒருவன் கடவுள் முன் நீதிமான் எனப்படுவதற்கு நம் வேதத்தில் உள்ள சொல்.

என் வகுப்பில் பதினொன்றிலிருந்து பதிமூன்று வயது வரை பிள்ளைகள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், பள்ளியில் இங்கிலீஷோ மராத்தியோ, தெருவில் இந்தி. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். பதினோரு எழுத்துள்ள இந்தச் சொல்லை ‘நீதி… மான்…’ என்று நிறுத்தி வாசித்த ஒரு பையன், நோட்டு ஓரத்தில் கொம்புள்ள மான் ஒன்றை வரைந்து அதன் காலில் தராசையும் மாட்டியிருந்தான். அழகாகவே வரைந்திருந்தான்.

மானைத் திருத்திவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. லூக்கா 18-இல் தன்னைப் பற்றிப் பெருமை பேசிய பரிசேயனும், நான் பாவி என்று ஒத்துக்கொண்ட ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஜெபிக்கப் போன கதையைச் சொல்லி, ‘அவனல்ல, இவனே நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான்’ என்று வாசித்தேன். ஒரு பெண் கேட்டாள்: “அப்போ கோயில்ல வெச்சே நல்லவனா மாறிட்டானா டீச்சர்? வீட்டுக்குப் போற வழியில திரும்பத் தப்பு பண்ணினா?” நான் பதில் யோசிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து இன்னொருத்தி, “இல்லடி, அவன் பரி ஆயிட்டான்” என்றாள். கோர்ட்டில் விடுதலையாவதை இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள். வகுப்பு முழுக்க ஒரே நொடியில் புரிந்துகொண்டது. நான் இருபது நிமிஷம் பேசியும் புரியவில்லை.

அந்தப் ‘பரி’ செய்கிற வேலையைச் செய்ய ஒரு தமிழ்ச்சொல் தாருங்கள். நியாயத்தீர்ப்பு என்றாலே இந்தப் பிள்ளைகளுக்குப் பயம் மட்டும்தான் தெரிகிறது. அந்தத் தீர்ப்பில் இப்படி ஒரு பக்கமும் இருக்கிறது என்று அவர்கள் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

முலுண்டு ஐயா, அதே பின்னிரவு:

அன்புள்ள டீச்சர், நான் சைவன். ஆனாலும் சொல் என்று வந்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

‘உய்தீர்ப்பு’ என்று வையுங்கள். உய்தல் என்றால் பிழைத்தல், ஈடேறுதல். குறள் 110-இல் ‘உய்வுண்டாம் உய்வில்லை’ என்று இரண்டு தடவை வருகிறது. புறநானூறு 34-இல் ஆலத்தூர் கிழார் ‘செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்’ என்கிறார். இரட்சிப்பு, இரட்சணியம் என்ற வடசொற்களைத் தேடிப் போவதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல் இது.

உய்தீர்ப்பு வினைத்தொகை. உய்ந்த, உய்கின்ற, உய்யும் என்று மூன்று காலத்தையும் உள்ளடக்கியது. உங்கள் வேதத்திலும் இரட்சிப்பு மூன்று காலத்தில் வருகிறது என்று கேட்டிருக்கிறேன். ஒரு தொகைக்குள் அத்தனையும் அடங்கிவிடும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘உய்த்தீர்ப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். செய்தொழிலைப் போலத்தான் இதுவும்.

அப்புறம், தீர் என்ற வேரைப் பாருங்கள். வழக்கையும் தீர்க்கிறோம், நோயையும் தீர்க்கிறோம். தீர்ப்புச் சொல்பவனும் மருத்துவனும் தமிழில் ஒரே வினையைச் செய்கிறார்கள். இதை எண்ணி எத்தனையோ நாள் வியந்திருக்கிறேன்.

மானைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சேரமான், அதியமான், பெருமான் எல்லாம் ‘மகன்’ சுருங்கி வந்தவை. பெருமகன்தான் பெருமான் ஆனான். நீதிமானின் மானும் அந்த வழியில் வந்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

செம்பூர் தம்பி, செவ்வாய் காலை:

ஐயா, வணக்கம். புத்திமான், ஸ்ரீமான் வரிசையில் வந்த மான் அது. முழுக்க வடமொழி விகுதி. சேரமானுக்கும் அதற்கும் உறவில்லை.

உய்தீர்ப்பில் எனக்கு வேறு சந்தேகம். உய்வது மனிதன்தானே, தீர்ப்பு எப்படி உய்யும்? அதைவிட, டீச்சரின் பிள்ளைகளில் எத்தனை பேர் ‘உய்’ என்ற சொல்லைக் காதால் கேட்டிருப்பார்கள்? நான் நாள் முழுக்கக் கணினி மென்பொருளைத் தமிழாக்கம் செய்கிறவன். விளக்கம் தேவைப்படும் தலைப்பை யாரும் தொடுவதில்லை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ‘விடுதலைத் தீர்ப்பு’ போதாதா?

முலுண்டு ஐயா, செவ்வாய் காலை:

தம்பி, குடிநீரில் நீரா குடிக்கிறது? ஆடரங்கில் அரங்கா ஆடுகிறது? ஒருவன் உய்வதற்கான தீர்ப்பு உய்தீர்ப்பு. இலக்கணம் இடம் கொடுக்கிறது. கேட்டதில்லை என்கிறீர்கள். சொல்லிக் கொடுக்காததால்தான் கேட்டதில்லை. மானைப் பற்றிப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

சயான் வேதியர், செவ்வாய் மாலை:

இயேசுவுக்கே புகழ். கத்தோலிக்கன் என்ற முறையில் நானும் உள்ளே வரலாமா, டீச்சர்? 1995-இல் வந்த திருவிவிலியத்தில் இதற்கு ‘கடவுளுக்கு ஏற்புடையவர்’ என்ற வழக்கு இருக்கிறது. அதிலிருந்து ‘ஏற்புடைமை’. வீட்டை விட்டுப் போன பிள்ளையை அப்பா திரும்ப ஏற்றுக்கொண்டார் என்றால் எந்தக் குழந்தைக்கும் புரியும். ஐயாவுக்கு ஒரு செய்தி: அதே புறநானூற்றுப் பாட்டில் உய்திக்கு முன்னால் பரிகாரம் என்ற பொருளில் ‘கழுவாய்’ வருகிறதே, அந்தச் சொல்லையும் திருவிவிலியம் எடுத்துக்கொண்டது. 1 யோவான் 2:2-இல் நம் பாவங்களுக்குக் கழுவாய் கிறிஸ்துவே என்று வாசிக்கிறோம்.

வெறும் கோர்ட் சொல்லாக ஒன்றைப் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1547-இல் எங்கள் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்துச் சங்கம் சொன்னது இதைத்தான்: பாவம் மன்னிக்கப்படுவதோடு முடிவதில்லை, உள்ளம் புதுப்பிக்கப்படுவதும் அதில் சேரும். இதற்காகத்தான் நானூறு வருஷம் நாம் பிரிந்து நின்றோம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் எங்கள் திருச்சபையும் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டபோது, கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வதையும் தூய ஆவியார் நம் இதயத்தைப் புதுப்பிப்பதையும் சேர்த்தே எழுதினார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் 2017-இல் சீர்திருத்தச் சபையாரும் அதில் இணைந்தார்கள். ஏற்புடைமையில் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

செம்பூர் தம்பி, செவ்வாய் இரவு:

வேதியர் ஐயா, பிரிவினை என்றதும் ஞாபகம் வந்தது. சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர், மனுஷன் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுகிறான் என்ற ரோமர் 3:28-ஐ 1522-இல் ஜெர்மனில் பெயர்த்தபோது ‘மாத்திரம்’ என்று பொருள்படும் சொல்லைக் கூடுதலாகப் போட்டார் என்று பெரிய சண்டை. ஜெர்மன் பேச்சுவழக்கு அப்படித்தான் கேட்கிறது என்று 1530-இல் தனிக் கடிதமே எழுதினார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘விசுவாசத்தினாலேயே’ என்று ஓர் ஏகாரம் உட்கார்ந்திருக்கிறது. ஐயா, இது உறுதிப்படுத்தும் தேற்றமா, மற்றதை விலக்கும் பிரிநிலையா?

முலுண்டு ஐயா, செவ்வாய் பின்னிரவு:

பிரிநிலை. ‘கிரியைகளில்லாமல்’ என்று முன்னால் விலக்கிவிட்டு வருவதால் வேறு எப்படியும் கொள்ள முடியாது. லுத்தருக்கு ஒரு தனிச் சொல் தேவைப்பட்ட இடத்தில் தமிழுக்கு ஓரெழுத்து போதுமாயிருக்கிறது. நன்னூலார் ஏகாரத்துக்குச் சொன்ன ஆறு பொருளையும் வைத்து இந்த நிருபத்தை முழுதாக ஒரு தடவை வாசிக்க ஆசையாக இருக்கிறது.

குர்லா அண்ணாச்சி, புதன் விடியற்காலை:

டீச்சருக்கும் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மெயில் எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில், ‘பரி’ வேண்டாம், ‘விடுதலை’யும் வேண்டாம். கோர்ட்டில் விடுதலையாகிறவர்களை நான் தினமும் பார்த்தவன். சாட்சி வரவில்லை, ரிப்போர்ட் பொருந்தவில்லை, சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்குப் போகிறது. வராந்தாவில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா அழுவாள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஆயக்காரன் கதை அதற்கு நேர் எதிர். அவன் மார்பில் அடித்துக்கொண்டு, நான் பாவி என்று தானே ஒத்துக்கொள்கிறான். வழக்கு முழுசாக நிரூபணமாகிவிட்டது. அதற்குப் பிறகும் நீதிமான் என்று தீர்ப்பு வருகிறது. எந்த நியாயஸ்தலத்திலும் நான் பார்க்காதது அது.

இரண்டாவது, நாம் எல்லாரும் பயப்படுவது ‘ஆக்கு’ என்ற வினையைப் பார்த்து. ஆக்கினால் மாறிவிட்டான் என்று அர்த்தம் வந்துவிடுமே என்று. நம்ம பேச்சை யோசித்துப் பாருங்கள். “என்னைத் திருடன் ஆக்கிட்டியே” என்று அழுகிறவன், தனக்குத் திருடக் கற்றுக்கொடுத்ததாகவா சொல்கிறான்? திருடன் என்று சொல்லிவிட்டாயே என்கிறான். 1 யோவான் 1:10-இல், நாம் பாவஞ்செய்யவில்லை என்று சொன்னால் கடவுளைப் ‘பொய்யராக்குகிறவர்களாயிருப்போம்’ என்று இருக்கிறது. கடவுள் பொய்யராக மாறிவிடுவாரா? நீதிமொழிகள் 17:15-ஐ எடுங்கள். துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவன் கர்த்தருக்கு அருவருப்பானவன். துன்மார்க்கனைத் திருத்தி நல்லவனாக்கினால் அதில் என்ன அருவருப்பு? அங்கே சொல்லப்படுகிறவன், குற்றவாளியை நல்லவன் என்று தீர்க்கிற கோணல் நியாயாதிபதி. ஆக, ‘நீதிமானாக்கு’ என்பதற்கு ‘நீதிமான் என்று தீர்’ என்ற பொருள் தமிழில் முதலிலிருந்தே இருக்கிறது. நாம்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது, நேற்று ராத்திரி தேடிக் கண்டுபிடித்தது. உபாகமம் 25:1: நியாயாதிபதிகள் ‘நீதிமானை நீதிமான் என்றும், குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்கக்கடவர்கள்’. புதுச்சொல் எதற்கு? ‘நீதிமான் என்று தீர்த்தல்’ நம் வேதத்துக்குள்ளேயே கிடக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிற மராத்தியிலும், வேதத்தில் ‘நீதிமான் டரவ்ணே’ என்றுதான் இருக்கிறது. அவர்களுக்கும் அதே நீதிமான்தான், ‘டரவ்ணே’ என்றால் தீர்மானிப்பது.

இதைச் சொல்லிக் கொடுக்கும்போது ரோமர் 4:5-ஐ விட்டுவிடாதீர்கள், டீச்சர். மனுஷ நியாயாதிபதி செய்தால் அருவருப்பு என்று சொன்ன அதே கர்த்தர் அங்கே ‘பாவியை நீதிமானாக்குகிறவர்’ என்று பேர் பெறுகிறார். அப்படிச் செய்தும் அவர் எப்படி நீதியுள்ளவராக இருக்கிறார் என்பதற்குத்தான் ரோமர் 3:25-இல் கிருபாதாரபலி, அதாவது பாவத்துக்கு ஈடாகக் கிறிஸ்து செலுத்திய பலி, வருகிறது. குற்றம் தள்ளுபடியாகவில்லை, அதற்கான விலை கொடுக்கப்பட்டது. எனக்கு இது புரிந்தது என் நாற்பத்திரண்டாவது வயதில், கோர்ட் வராந்தாவில், ஒரு ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது. பிள்ளைகளுக்குப் பன்னிரண்டிலேயே புரிந்தால் எவ்வளவு நல்லது.

தாராவி டீச்சர், புதன் இரவு:

அண்ணாச்சி, உங்கள் மெயிலை வாசித்துவிட்டு வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதே நினைப்பு.

இன்று சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்கு வந்த ஆறு பிள்ளைகளிடம் எல்லாச் சொல்லையும் பலகையில் எழுதிக் காட்டினேன். முலுண்டு ஐயா வருத்தப்படக் கூடாது. உய்தீர்ப்பை முதலில் வாசித்தவள் ‘உயிர்தீர்ப்பு’ என்று வாசித்தாள். பக்கத்தில் இருந்தவன், “உயிரைத் தீர்த்துடுவாங்களா?” என்று கேட்டான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதைத் தலைப்பில் போட எனக்கு மனசு வரவில்லை. ஏற்புடைமையை எல்லோரும் ஒழுங்காக வாசித்தார்கள், ஆனால் யார் யாரை ஏற்றுக்கொள்வது, எதற்கு என்று கேட்டால் மௌனம். ‘நீதிமான் என்று தீர்த்தல்’ என்று எழுதி, “யார் தீர்க்கிறது?” என்றேன். “ஜட்ஜ்.” “யாரை?” மான் வரைந்த பையன்தான் சொன்னான்: “தப்பு பண்ணினவனை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது எப்படி டீச்சர்?” என்றான். அந்த ‘எப்படி’தான் எனக்கு வேண்டியிருந்தது.

ஐயா, உங்கள் குறளையும் பாடத்தில் சேர்த்திருக்கிறேன். செய்ந்நன்றி கொன்ற மகனுக்கு உய்வில்லை என்று வள்ளுவர் சொல்கிறார். அப்படி உய்வில்லாமல் நிற்கிற மகனுக்காகவே எழுதப்பட்ட பாடம் இது என்று எழுதினேன். வேதியர் ஐயா சொன்ன உள்ளம் புதுப்பிக்கப்படுதலுக்கு ஏழாவது பாடம் முழுவதும் வைத்திருக்கிறேன். தலைப்பு ‘நீதிமான் என்று தீர்த்தல்’. வசனங்களில் பழைய சொல் அப்படியே இருக்கும். நாளை மதியம் அச்சுக்குப் போகிறது.

செம்பூர் தம்பி, புதன் இரவு:

எனக்குச் சம்மதம் அக்கா. மூன்று சொல் தலைப்பு கொஞ்சம் நீளம்தான், ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவருக்குப் பிரித்து எழுதியதுதான் வசதி.

முலுண்டு ஐயா, வியாழன் காலை:

குழந்தை பயந்தது என்றால் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் சொல்லின் மேல் பிழை இல்லை, பழக்கமின்மைதான் பிழை. இவர்கள் கல்லூரிக்குப் போகும் காலத்தில் உய்தீர்ப்பை ஒரு தடவை காதில் போடுங்கள், டீச்சர். தலைப்பில் ‘தீர்’ தங்கிவிட்டதே, அதில் எனக்கு மெய்யாகவே நிறைவு. மான் குறித்த மடலைப் பாதி எழுதி வைத்திருக்கிறேன்.

சயான் வேதியர், வியாழன் மதியம்:

எங்கள் மறைக்கல்வியில் ‘ஏற்புடைமை’ தொடரும். ‘தீர்த்தல்’ என்று மட்டும் சொன்னால் ஆயக்காரன் வீடு திரும்பிய பிறகு என்ன ஆனான் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது என்பதே இன்றும் என் கருத்து. ஆனாலும் அண்ணாச்சி நீதிமொழிகளிலிருந்து காட்டியதற்கு என்னிடம் பதில் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். டீச்சர், அச்சாகி வந்ததும் பத்துப் பிரதி எனக்கு எடுத்து வையுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன், தலைப்புக்குப் பக்கத்தில் எங்கள் சொல்லைப் பேனாவால் எழுதிக்கொள்கிறோம்.