பயிற்சி வீணாவதற்கு எச்.எம். தான் காரணமா?

சாக்பீஸ்:
தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சிக்கு ஒன்றாகப் போய்வந்த இரண்டு ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஒருவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்து நடத்துகிறார். இன்னொருவர் பழையபடி கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்து எழுதச் சொல்கிறார். முதலாமவர் பயிற்சிக்காக ஓ.டி.யில் (வெளிப்பணியில்) போன நாட்களில் அவர் வகுப்பை எச்.எம். பார்த்துக்கொண்டார், திரும்பி வந்ததும் பின்னால் உட்கார்ந்து ஒரு பாடவேளை முழுக்கக் கவனித்தார். இரண்டாமவரின் எச்.எம். "அதெல்லாம் அங்கேயே விட்டுட்டு வாங்க" என்றாராம். பயிற்சி பலிப்பதும் பலிக்காததும் எச்.எம். கையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஈராசிரியர்:
சார், நான் அந்த எச்.எம். தான். எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு, நாங்கள் இரண்டு பேர். அவர் பயிற்சிக்குப் போனால் ஐந்தும் என் தலையில். எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவு, காலை உணவு, சத்துணவு, எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டம் எல்லாம் முடித்து நான் எந்த வகுப்பில் போய்ப் பின்னால் உட்காருவது?

சாக்பீஸ்:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் சகாக்களும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைமையின் ஐந்து வகைச் செயல்பாடுகளில் மாணவர் கற்றலோடு அதிகத் தொடர்பு தெரிந்தது ஒன்றில்தான்: ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து, தானும் அதில் பங்கேற்பது. விளைவின் அளவு (effect size) 0.84, இது பெரிய அளவு. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதை அவர்கள் சொல்லவில்லை, கூட உட்காருவதைச் சொல்கிறார்கள்.

கணக்கு டீச்சர்:
அந்த 0.84ஐ எல்லாரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சில ஆய்வுகளில் இருந்து மட்டும் கிடைத்த எண் அது, அதுவும் தொடர்புதான், இதனால்தான் அது என்று ஆகாது. நல்ல பள்ளிக்கு நல்ல எச்.எம். அமைந்திருக்கலாம் இல்லையா? அப்புறம், பயிற்சியே சத்தில்லாமல் இருந்தால்? டி.என்.டி.பி. என்ற அமெரிக்க அமைப்பு 2015இல் மூன்று பெரிய கல்வி மாவட்டங்களைப் பார்த்தது. ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்குச் சுமார் 18,000 டாலர் செலவு; கணிசமாக முன்னேறியவர்கள் பத்துக்கு மூன்று பேர்.

சாக்பீஸ்:
டீச்சர், அமெரிக்காவின் வட கரோலினா ஆசிரியர்களை வைத்து கிராஃப்ட், பப்பே என்ற ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டது இதற்குப் பதில். ஆதரவான சூழல் உள்ள பள்ளி ஆசிரியர்கள், ஆதரவு குறைந்த பள்ளிகளில் இருப்பவர்களைவிடப் பத்தாண்டில் 38 சதவீதம் அதிகமாக முன்னேறினார்கள்.

கணக்கு டீச்சர்:
"சூழல்" என்றால் எச்.எம். மட்டுமா? சக ஆசிரியர்கள், ஒழுங்கு எல்லாம் அதில் சேர்த்தி. உங்களுக்கு வேண்டியதை மட்டும் பிய்த்து எடுக்கிறீர்கள்.

முன்னாள் பயிற்றுநர்:
பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களுக்கு உதவ வேண்டிய வட்டார வள மையத்தில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று. வகுப்புக்கு வந்து பார்த்து, பேசி, மறுபடி வந்து பார்க்கும் முறையால் கற்பித்தல் மாறும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. திட்டம் பெரிதானால் பலன் சுருங்கும் என்பதும் அதே ஆய்வுகளில் இருக்கிறது. எங்களை அதற்குத்தான் போட்டார்கள். நாங்கள் புள்ளிவிவரம் வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளிக்கு வண்டியைக் கிளப்பினோம். அந்த வேலையை ஈராசிரியர் சார் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

சாக்பீஸ்:
சரி, ஈராசிரியர் பள்ளியை விடுகிறேன். பதினைந்து ஆசிரியர் உள்ள உயர்நிலைப் பள்ளி எச்.எம்.முக்கு என்ன சாக்கு?

ஈராசிரியர்:
அதை அவர்களிடம் கேளுங்கள். என் உதவி ஆசிரியர் போன பயிற்சியில் குச்சிக்கட்டை வைத்துக் கழித்தல் சொல்லித்தரக் கற்று வந்தார். சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் காட்டினார். மறுநாள் என் நான்காம் வகுப்பிலும் அதையே செய்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி எமிஸ் பதிவைக் கேட்டார், இதைக் கேட்கவில்லை.

கணக்கு டீச்சர்:
சாக்பீஸ் சார், அந்தச் சாப்பாட்டு நேரம் உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் வரும்?